நை

ஹிர்ட்ஷால்ஸ் மீன் ஏலக்கூடத்தில்
பத்தொன்பது வருடம் விலை கூவியவள் நான்.
ஒரு மூச்சில் நாற்பது எண்.
பெட்டி வழுக்கி என் முன் வருவதற்குள்
விலை ஏறி, இறங்கி, விற்று முடிந்திருக்கும்.
விபேக்கே வாய் திறந்தால்
கடற்காகமும் விலை கேட்டு நிற்கும் என்பார்கள்.

பிறகொரு ஜனவரி.
சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
கழுத்துக்குக் கீழே நான்
வாடகைக்கு விட்ட வீடு மாதிரி:
என்னுடையதுதான், நுழைய முடியாது.

ஆல்போர்கிலிருந்து லௌஸ்ட் வந்தான்.
காலணியை வாசலில் கழற்றிவிட்டு
ஓர் இயந்திரக் கையைச்
சக்கர நாற்காலியின் வலப்பக்கம் திருகினான்.
ஆறு மூட்டு, மூன்று விரல்.
எதனால் ஓட்டுவது, அதுதான் கேள்வி.

முதலில் குழல்.
ஊதினால் முன்னே, உறிஞ்சினால் பின்னே.
சளி பிடித்த வாரம்
ஒவ்வோர் இருமலுக்கும் கை எழுந்து
அலமாரியை அறைந்தது.

அப்புறம் கண்.
பார்த்த இடத்துக்குக் கை போகும் என்றான்.
போயிற்று. பார்த்த எல்லா இடத்துக்கும்.
சன்னலில் ஒரு பறவை கடந்தால்
கரண்டி அதன் பின்னால் கிளம்பியது.
சும்மா பார்ப்பது என்று ஒன்று
இனி எனக்குக் கிடையாதா என்றேன்.
குறித்துக்கொண்டான்.

மூளைத் தொப்பி. முடியெல்லாம் பசை.
"வலது கையை நினையுங்கள்."
நினைத்தேன்.
கையுறைக்குள் செதில் ஒட்டிய கை.
ஆஸ்கெரின் பிடரியில் சில்லென்று வைத்த கை.
திரையில் கோடு தள்ளாடியது.
கழற்றச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் நாக்கு.
நுனியில் ஓர் எஃகுக் குமிழ் குத்தினார்கள்,
ஐம்பத்திரண்டு வயதில்! அண்ணன் மகள் கைதட்டினாள்.
அண்ணத்தில் ஒரு தகடு.
அதன் முன்வரிசை தொட்டால் கை நீளும்,
ஓரம் தொட்டால் திரும்பும்,
பின்னால் ஒரு புள்ளி: திற, மூடு.
மூன்று வாரம் எச்சில்தான் வழிந்தது.
நாலாம் வாரம் ஒரு ஸ்ட்ராபெரி
நசுங்காமல் வந்து சேர்ந்தது.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே,
எனக்கு வாய்க்கு எட்டினால்தான் கைக்கே எட்டும்.

ஒரே நிபந்தனை.
கை ஓடும்போது பேசக்கூடாது.
பேச வேண்டுமானால் அதைத் தூங்க வைக்க வேண்டும்:
கடைவாய்ப் புள்ளி, இரண்டு தட்டு.
ஏலக்காரிக்கு என்ன தண்டனை பாருங்கள்.
காபி குடிக்கும் பத்து நிமிடம்
வீட்டில் என் சத்தமே இருக்காது.
அந்தப் பத்து நிமிடத்தைத்தான்
ஆஸ்கெர் தேர்ந்தெடுத்தான்.

நவம்பர். நாலரைக்கே இருட்டு.
கோப்பை பாதி வழியில், அந்தரத்தில்.
"ஓலெசுண்டில் வேலை இருக்கிறது.
நார்வே. இரண்டு வருட ஒப்பந்தம்.
போனால் என்னை வெறுப்பாயா?"

தூங்க வைக்க மறந்துவிட்டேன்.

எங்கள் மொழியில் இல்லை என்பதற்கு
ஒரே அசை: நை.
ஆம் என்று சொல்ல நாக்கு எதையும் தொட வேண்டாம்.
நை சொல்ல
நுனி எழுந்து மேற்பல்லின் பின்னால் ஒட்டியாக வேண்டும்.
முன்வரிசை.

கை நீண்டது.

இல்லை, வெறுக்கமாட்டேன், கிளம்பு
என்று முழுதாகச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
முதல் அசையிலேயே காபி
அவன் சட்டைக் கையில்.
மூன்று விரலும் கோப்பையோடு
அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றன,
அவனைப் பிடித்து நிறுத்த வந்தது போல.
மீதியை நான் சொல்லவில்லை.

அவன் கோப்பையைப் பற்றினான்.
பின்புள்ளியைத் தொட்டேன். விரல்கள் விட்டன.
மேசையில் வைத்துவிட்டுத்
திறந்திருந்த அந்த உலோகத்துக்குள்
ஈரமான தன் கையைக் கொடுத்தான்.
மறுபடி தொட்டால் மூடும்.

ஒரு தரம், இரண்டு தரம்,
மூன்றாவதற்கு முன்னால்
கூடத்தில் ஓர் அமைதி வரும், எனக்குத் தெரியும்.
நாக்கு எதிலும் படாமல் நின்றது.
தரையில் காபி சொட்டிக்கொண்டிருந்தது.